தாவர டீசலும் துணுக்காயும்: எரிபொருட் சங்கம் ஒன்றின் அமைப்பு

உழவுத் தொழிலுக்கு நிலமும் நீரும் போல எரிபொருளும் இன்றியமையாததாகிவிட்டது. எருது பூட்டி ஏர் நடத்திய நாளிற் கமக்காரனின் ஆற்றல் அவனுடைய பட்டியிலேயே நின்றது. புல்லும் வைக்கோலும் அதற்கு உணவாயின. இக்காலத்திலோ உழுதலும், நீரிறைத்தலும், அறுத்தலும், சூடடித்தலும், விளைந்த நெல்லை ஆலைக்கு ஏற்றிச் செல்லுதலும் இயந்திரத்தின் பணிகளாயின. அவ்வியந்திரங்கள் உண்ணும் எண்ணெயோ கடல் கடந்து வருவது. கப்பல் தவறினாலும், வீதி அடைபட்டாலும், நாட்டின் அந்நியச் செலாவணி வற்றினாலும், வயலில் முற்றிய கதிர் அவற்றுக்காகக் காத்து நிற்பதில்லை. ஆதலின், ஒரு கிராமம் தனக்கு வேண்டும் எரிபொருளிற் சிறு பங்கையேனும் தானே ஆக்கிக்கொள்ள இயலுமா என்னும் வினா ஆராய்ச்சிசாலைக்கு மாத்திரம் உரியதன்று. கடனுக்கும் விளைச்சலுக்கும் இடையில் நிற்கும் கமக்காரக் குடும்பங்களின் வினாவும் அதுவேயாகும்.

இதனை ஆராய்தற்குத் துணுக்காய் ஏற்றதோர் இடம். வன்னிப் பெருநிலப்பரப்பில், முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மாங்குளத்திலிருந்து வெள்ளாங்குளம் நோக்கிச் செல்லும் வீதியில் மல்லாவியை அடுத்து அஃது அமைந்துள்ளது. தென்னியங்குளம், அம்பலப்பெருமாள்குளம், கோட்டைகட்டியகுளம், உயிலங்குளம் என அப்பிரதேசத்தின் ஊர்ப் பெயர்களே மக்களின் வாழ்வு குளத்தையும் நெல்லையும் சார்ந்தது என்பதைப் புலப்படுத்தும். காலபோகம் மாரி மழையை நம்பியும், சிறுபோகம் குளத்து நீரை நம்பியும் நடைபெறும். இவ்விரு போகங்களிலும் உழவு இயந்திரம் தக்க நாளில் வயலில் இறங்காவிடின், பின்பு செய்யும் எம்முயற்சியாலும் அந்த இழப்பை ஈடுசெய்தல் அரிது.

எரிபொருளின் அருமையை இம்மக்கள் ஏட்டிற் படித்து அறிந்தவரல்லர். 1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், வடபகுதிக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டது, மின்சாரமும் அற்றுப்போயிற்று. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தைத் தொடக்கி வைப்பதற்குச் சில துளி பெற்றோல் மாத்திரம் பயன்பட்டது. மண்ணெண்ணெயோடு தாவர எண்ணெயைக் கலந்து ஓட்டியவர்களும் உளர். ஜாம் போத்தலில் திரியிட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெயில் இரவைக் கழித்த விளக்கின் கீழிருந்து மாணவர் பலர் பரீட்சைகளிற் சித்தியெய்தினர். 1995 ஆம் ஆண்டு வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்தவர்களுட் பெருந்தொகையினர் 1996 இல் வன்னியை வந்தடைந்தபோது, மல்லாவியும் துணுக்காயும் அவர்களுள் ஒரு பகுதியினரைத் தாங்கின. 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்படும் வரை அந்நிலை பெரிதும் நீடித்தது. 2008 இல் துணுக்காய் மக்களே ஊரைவிட்டுப் பெயர நேர்ந்தது. 2009 இறுதியிலேயே மீள்குடியேற்றம் தொடங்கிற்று.

போர் ஓய்ந்தபின்னும் அப்பாடம் மறுபடி வந்தது. 2021 இறுதியில் லீற்றர் ஒன்று 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், 2022 யூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் அது கிடைத்தபாடில்லை. நிரப்பு நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசைகள் நின்றன. யூலை மாதத்தில் தேசிய எரிபொருள் அனுமதி அட்டை வந்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. முன்னையது போரின் விளைவு. பின்னையது பொருளாதார வீழ்ச்சியின் விளைவு. காரணம் வேறாயினும் வயலில் நிகழ்ந்தது ஒன்றே.

பயோடீசல் என உலகெங்கும் வழங்கும் தாவர டீசலைப் பற்றிய எண்ணம் இத்தகைய வேளைகளில் எழுவது இயல்பு. அஃது இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1900 ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே நடைபெற்ற உலகக் கண்காட்சியில் ஒட்டோ நிறுவனத்தார் காட்டிய டீசல் இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிற்று. எனினும் தாவர எண்ணெய்க்கு ஒரு குறையுண்டு. அது டீசலிலும் பத்து மடங்களவு பிசுக்குமை உடையது. அதாவது, தடித்து மெல்ல ஒழுகும் இயல்பினது. ஆதலின் இயந்திரத்தின் நுண்ணிய துளைகளின் வழியே செவ்வனே சிதறாது, முழுதும் எரியாது, கரியாகப் படியும். 1937 இல் பெல்ஜிய அறிஞர் ஷவான் என்பார் பாமெண்ணெயை அற்ககோலோடு தாக்கமுறச் செய்து அக்குறையை நீக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். மறு ஆண்டு பிரஸல்ஸ் நகருக்கும் லூவேன் நகருக்கும் இடையே பேருந்து ஒன்று அவ்வெரிபொருளில் ஓடியது.

அம்முறையின் சாரம் எளிது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கிளிசரோலோடு பிணைந்த மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகளால் ஆயது. அவ்வெண்ணெயை 55 முதல் 60 பாகை செல்சியசு வரை சூடாக்கி, சோடியம் ஐதரொட்சைட்டு கரைந்த மெதனோலைச் சேர்த்துக் கலக்கினால், சங்கிலிகள் கிளிசரோலை விட்டு மெதனோலோடு சேரும். அவ்வாறு பிறக்கும் மெதைல் எசுத்தரே தாவர டீசல். கனமான கிளிசரோல் அடியிற் படியும். மேலே நிற்பதைப் பிரித்து, நீரிற் கழுவி, ஈரம் போக்கிப் பயன்படுத்தலாம். நூறு கிலோ எண்ணெயும் ஏறக்குறையப் பத்துக் கிலோ மெதனோலும் சேர்ந்தால், நூறு கிலோ எரிபொருளும் பத்துக் கிலோ கிளிசரோலும் கிடைக்கும். தாக்கம் நிறைவுறுதற்பொருட்டு நடைமுறையில் இதனின் மிகுதியான மெதனோலைச் சேர்ப்பர். இவ்வெரிபொருள் டீசலினும் லீற்றருக்குப் பத்திலொரு பங்களவு குறைந்த வலு உடையது, ஆயின் கந்தகம் அற்றது, எளிதிற் தீப்பற்றாதது.

முறை எளிதாயின், துணுக்காயில் எண்ணெய் எங்கேயுளது? அதற்கு விடை மரங்களிலும் ஊர்ப் பெயர்களிலும் உண்டு. மேற்கே கடலோர வீதியில் இலுப்பைக்கடவை, கிளிநொச்சிப் பக்கத்திற் புன்னைநீராவி, வவுனியாவில் வேப்பங்குளம். இலுப்பை, புன்னை, வேம்பு மூன்றும் எண்ணெய் வித்து உடையவை. இவற்றோடு குளக்கட்டுகளிலும் ஆற்றங்கரைகளிலும் நிற்கும் புங்கும் சேர்தற்குரியது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பது முதுமொழி. அதனை எரிபொருளுக்கும் ஏற்றிக் கூறுவார் இருத்தல் கூடும். ஆயினும் அம்மொழி இலுப்பைப்பூவைச் சர்க்கரைக்கு நிகராக்கவில்லை, இல்லாத இடத்து உதவுவது என்றே கூறிற்று. அந்த அளவறிந்த நோக்கே தாவர டீசலுக்கும் பொருந்தும்.

அளவைக் கணக்கினால் அறிதல் வேண்டும். புங்க வித்தில் மூன்றிலொரு பங்களவு எண்ணெய் உண்டாயினும், சிறு இயந்திரத்தில் ஆட்டும்போது லீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 4 கிலோ வித்து வேண்டும். ஆயிரம் லீற்றருக்கு 4,000 கிலோ. ஒரு மரம் பத்துக் கிலோ தருமெனக் குறைவாகவே கொள்ளின், 400 மரங்கள் வேண்டும். குடும்பம் ஒன்று 20 கிலோ பொறுக்கித் தருமாயின், 200 குடும்பங்கள் வேண்டும். அவ்வாறு பெறும் ஆயிரம் லீற்றரை ஐந்திலொரு பங்காக டீசலோடு கலந்தால் 5,000 லீற்றர் கலவை கிடைக்கும். ஏக்கர் ஒன்றை உழுது பண்படுத்த 20 லீற்றர் செல்லுமென்று கணக்கிற்காகக் கொண்டால், 250 ஏக்கருக்கு அது போதும். பிரதேசம் முழுவதன் தேவையை நோக்க இது சிறிது. ஆனால் எரிபொருள் அறவே அற்ற வாரத்தில், அறுவடை இயந்திரம் நிற்குமா ஓடுமா என்பதை இந்த ஆயிரம் லீற்றரே தீர்மானித்தல் கூடும்.

விலையும் இவ்வாறே எல்லை வகுக்கும். 4 கிலோ வித்து ஒரு லீற்றர் ஆகுமாயின், டீசல் 460 ரூபா விற்ற நாளிலும், வேறெச் செலவையும் கழியாமலே, கிலோ வித்துக்கு 115 ரூபாவுக்கு மேற் கொடுத்தல் இயலாது. 121 ரூபா விற்ற நாளிலோ அது 30 ரூபாவாகச் சுருங்கும். ஆட்டுகூலியையும் மெதனோலின் விலையையும் கழித்தபின் பொறுக்குவோர் கையில் எஞ்சுவது இன்னும் குறையும். டீசல் விலை இறங்குந்தோறும் பொறுக்குவோரின் ஊக்கமும் இறங்கும். இவ்வுண்மையை மறைத்துத் தொடங்கும் எச்சங்கமும் இரண்டாம் ஆண்டைக் காண்பது அரிது.

பிறநாட்டு அனுபவங்கள் இதற்குச் சான்று பகரும். இந்திய அரசு 2003 இல் வகுத்த திட்டம், 2011-12 ஆம் ஆண்டளவிற் டீசலில் ஐந்திலொரு பங்கு தாவர டீசல் கலத்தல் வேண்டுமென இலக்கு வைத்தது. காட்டாமணக்கு அதற்குரிய பயிராகத் தெரிந்தெடுக்கப்பட்டது. தரிசு நிலத்திலும் நீரின்றி வளரும் என்ற நம்பிக்கையிற் தமிழ்நாட்டு உழவர் பலர் தம் வயல்களில் அதனை நட்டனர். செடி நீரின்றி உயிர் வாழ்ந்தது. ஆனால் நீரின்றிப் போதிய காய் காய்க்கவில்லை. வாங்குவார் கொடுத்த விலை பொறுக்கும் கூலிக்கும் காணாதாயிற்று. பலர் செடிகளைப் பிடுங்கினர், சிலர் கைவிட்டனர். இலக்கு எட்டப்படவேயில்லை. எண்ணெயைக் கண்ணாற் காணுமுன் நிலத்தை ஒப்படைத்ததே அங்கு நேர்ந்த பிழை.

கருநாடகத்தில் வேறொரு வழி தோன்றிற்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த உடுப்பி சீனிவாசர் என்னும் அறிஞர் 1990களிற் புங்கெண்ணெயால் இயந்திரங்களை ஓட்டிக் கிராமங்களுக்கு நீரிறைக்கும் முயற்சியை மேற்கொண்டார். பின்பு 2007 இல் பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் ஹாசன் மாவட்டத்து மடேனூரில் எரிபொருட் பூங்கா ஒன்று நிறுவப்பட்டது. அங்கு வயல் நிலத்தைத் தொடவில்லை. புங்கு, வேம்பு, இலுப்பை முதலிய பல்வகை மரங்களை வரம்பிலும் வேலியிலும் தரிசிலும் நட்டனர். உழவர் சங்கங்கள் ஊர்தோறும் அமைக்கப்பட்டன. ஒரே பயிரை நம்பாமையும், உணவுப் பயிரின் இடத்தைக் கவராமையும் அம்முறையின் சிறப்புகள்.

தெலுங்கு நாட்டின் ஆதிலாபாத் பகுதியிலுள்ள பவர்குடா என்னும் பழங்குடிச் சிற்றூரின் வரலாறு இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. அவ்வூர்ப் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் புங்க வித்தைச் சேகரித்து, தமக்குரிய ஆட்டும் இயந்திரத்தில் எண்ணெய் எடுத்தன. ஐதராபாத்திலுள்ள இக்ரிசாற் ஆராய்ச்சி நிலையம் வழிகாட்டியது. 2003 இல், அவ்வெண்ணெய் டீசலுக்குப் பதிலாக எரிவதாற் குறையும் 147 தொன் காபனீரொட்சைட்டுக்கு ஈடாக உலக வங்கி 645 டொலரை அப்பெண்களுக்கு வழங்கியது. தொகை சிறிது. ஆனால் வித்தும், ஆட்டும் இயந்திரமும், வருவாயும் அவர்களின் கையிலேயே இருந்தன. கிடைத்த பணம் மேலும் புங்கங்கன்று வளர்ப்பதற்குப் பயன்பட்டது. அதே 2003 இல், கலிபோர்னியாவின் பேர்க்லி நகரிற் பெண்கள் சிலர் கூட்டுறவு முறையிற் தாவர டீசல் விற்பனை நிலையம் ஒன்றைத் தொடங்கினர். செல்வம் மிக்க நகரமும் ஏழ்மை மிக்க காட்டூரும் கண்ட வழி ஒன்றே: பயன் கொள்வோரே உரிமையாளராயினர்.

இவற்றை ஒப்பிட்டு நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகும். முதலில் உறுப்பினர்; அடுத்து வித்து; பின்பு சோதனை; இறுதியில் இயந்திரம். இவ்வொழுங்கு தலைகீழாகும் இடங்களில் இயந்திரம் துருப்பிடிப்பதும் சங்கம் கலைவதும் வழக்கம். துணுக்காயிற் சங்கம் ஒன்று அமையுமாயின், அதன் முதலாண்டுப் பணி எரிபொருள் செய்வதன்று. எத்தனை மரங்கள் எங்கெங்கு நிற்கின்றன, எப்பொழுது காய் முதிர்ந்து உதிர்கின்றது, எத்தனை கிலோ உண்மையாகக் கைக்கு வருகின்றது என்பவற்றைக் கண்டு ஏட்டிற் பதிவதே அப்பணி. மரங்கள் அரச காணியிலோ கோயிற் காணியிலோ தனியார் வளவிலோ நிற்கின்றன என்பதும் அவ்வேட்டில் இடம்பெறல் வேண்டும். வனத் திணைக்கள எல்லைக்குள் அனுமதியின்றிப் புகுதலாகாது. கண்ணிவெடி அகற்றப்பட்டதென அறிவிக்கப்படாத நிலத்தில், எத்துணை வித்து உதிர்ந்து கிடப்பினும், கால் வைத்தல் கூடாது. ஒரு சாக்கு வித்து ஓர் உயிருக்கு ஈடாகாது.

இனி, சங்கத்தின் அமைப்பை நோக்குவோம். இலாப நோக்கற்றது என்பதன் பொருள் மிச்சம் வரக்கூடாது என்பதன்று. வரும் மிச்சத்தை உறுப்பினர் தம்முட் பங்கிடாது சங்கத்தின் நோக்கத்துக்கே செலவிடுதல் வேண்டும் என்பதாகும். கல்வி புகட்டல், மரம் நடல், சோதனை செய்தல், பயிற்சி அளித்தல் ஆகியவற்றுக்கு இத்தகைய அமைப்பு ஏற்றது. இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழோ, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ அதனைப் பதிவு செய்தற்கு இடமுண்டு. ஆயின் வித்தை வாங்கி, எண்ணெய் ஆட்டி, எரிபொருளை விற்கும் தொழிலுக்குக் கூட்டுறவுச் சங்கமே பொருத்தமானது. 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தைத் தழுவி வளர்ந்த வழக்கம் வடபகுதிக்குப் பழக்கமானது. பரப்புரைக்கு ஒன்று, வாணிபத்துக்கு ஒன்று என இரண்டையும் பிரித்து வைத்தல் நலம். அவ்வாறு பிரித்தால், வாணிபம் நட்டமடையினும் கல்விப் பணி அழியாது. கல்விக்கு வந்த கொடை வாணிபத்திற் கரைந்தது என்ற பழியும் எழாது.

கூட்டுறவு என்பது வடபுலத்தாருக்குப் புதிய பாடமன்று. 1930களில் எழுந்த மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை ஊரார் தம் சிறு பணத்தைக் கூட்டி நோய்க்கு மருந்து தேடிய கதையாகும். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த வீரசிங்கம் அவர்கள் கூட்டுறவு இயக்கத்துக்கு ஆற்றிய தொண்டினை யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபம் இன்றும் நினைவூட்டுகிறது. கல்விக்கூடமும் கூட்டுறவும் ஒன்றையொன்று தாங்கிய அம்மரபு வன்னிக்கும் பொதுவானதே.

உறுப்பினர் யாவர் என்பதே சங்கத்தின் தலைவிதியை நிருணயிக்கும். உழவு இயந்திர உரிமையாளர் மாத்திரம் கூடினால், எரிபொருளை மலிவாகப் பெறும் கூட்டமாக அது முடியும். வித்துப் பொறுக்குவோரைக் கூலியாட்களாகக் கொண்டால், அவர்கள் அதனிற் சிறந்த கூலி கிடைத்த அன்றே விலகிச் செல்வர். போருக்குப் பின் வன்னியிற் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் பல. வித்துப் பொறுக்கும் வேலை பெரும்பாலும் அவர்களையே சேரும். ஆதலின் வாக்குரிமையும், நிருவாக சபையில் இடமும், விலை நிர்ணயத்திற் சொல்லும் அவர்களுக்கு உரியனவாதல் வேண்டும். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே முறை. உறுப்பினர் சந்தாவைப் பணமாகவோ வித்தாகவோ செலுத்தலாம் என விதித்தால், கையிற் காசில்லாதவரும் வாயிலில் நிற்க வேண்டியதில்லை. கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் முதலியன ஏற்கெனவே கிராமங்களில் உள்ளன. அவற்றோடு போட்டியிடாது, அவற்றின் கூட்ட நாளையும் கட்டடத்தையும் பகிர்ந்துகொள்ளும் சங்கமே வேரூன்றும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் உரிய பணியுண்டு. பொறுக்கிய வித்து நாட்பட்டால் எண்ணெயிற் கட்டற்ற கொழுப்பமிலம் மிகும். அது காரத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகி எரிபொருளைக் கெடுக்கும். எவ்வளவு மிகுந்துள்ளது என்பதை அறிய உயர்தர வகுப்பு மாணவர் பயிலும் நியமிப்பே போதும். ஒரு மில்லிலீற்றர் எண்ணெயைப் பத்து மில்லிலீற்றர் ஐசோபுரொப்பைல் அற்ககோலிற் கரைத்து, பினோத்தலீன் சேர்த்து, லீற்றருக்கு ஒரு கிராம் வீதம் சோடியம் ஐதரொட்சைட்டு கரைந்த கரைசலைத் துளித்துளியாக விடுதல் வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும்வரை சென்ற மில்லிலீற்றர்களின் தொகையோடு மூன்றரையைக் கூட்டினால், ஒரு லீற்றர் எண்ணெய்க்கு வேண்டும் காரத்தின் கிராம் அளவு கிடைக்கும். அத்தொகை பத்தைத் தாண்டுமாயின், அவ்வெண்ணெயை நேரே எரிபொருளாக்க முயலாது சவர்க்காரத்துக்கு விடுதல் நன்று. ஆக்கிய எரிபொருளில் மூன்று பங்கை இருபத்தேழு பங்கு மெதனோலிற் கலந்து நோக்கலாம். அடியில் எண்ணெய் தங்குமாயின் தாக்கம் நிறைவுறவில்லை என்பது தெளிவு. இவ்வாறு ஒவ்வொரு தொகுதிக்கும் எண்ணும் நாளும் இட்டுப் பதிவு செய்யும் மாணவன், ஏட்டுக் கல்வி வயலோடு சேரும் இடத்தைத் தன் கண்ணாற் காண்பான்.

இயந்திர வேற்றுமையையும் அறிதல் வேண்டும். வடபகுதியிற் பயிலும் சிறு நீரிறைக்கும் இயந்திரங்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுவன. பொறியினால் எரிமூட்டப்படும் அவற்றுக்குத் தாவர டீசல் உதவாது. டீசலில் ஓடும் உழவு இயந்திரங்களுக்கும் மின்பிறப்பாக்கிகளுக்குமே அஃது உரியது. அவற்றுள்ளும் பழைய, எளிய அமைப்புடையன பொறுத்துக்கொள்ளும். மிகு அழுத்தத்தில் எரிபொருளைச் செலுத்தும் புதிய இயந்திரங்களுக்குத் தரம் குறைந்த எரிபொருள் கேடு செய்யும். இயற்கை றப்பர்க் குழாய்கள் நாளடைவில் இளகும். எனவே ஐந்திலொரு பங்குக்கு மேற்படாத கலவையிற் தொடங்கி, உறுப்பினர் தாமே முன்வந்து கொடுக்கும் ஓரிரு இயந்திரங்களில் ஒரு போகம் முழுதும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். இயந்திரம் பழுதானால் அச்செலவை யார் பொறுப்பது என்பதையும் ஓடத் தொடங்குமுன்னரே எழுத்தில் முடிவு செய்தல் வேண்டும். பிணக்குகளுட் பெரும்பாலானவை எழுதாத உடன்பாட்டிலிருந்தே பிறக்கின்றன.

மெதனோலைப் பற்றி இரண்டு உண்மைகளை மறைத்தலாகாது. முதலாவது, அது கொடிய நஞ்சு. சிறிதளவு உட்சென்றாலும் கண் பார்வை போகும், உயிரும் போகும். அதன் சுவாலை பகல் வெளிச்சத்திற் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆதலின் குடியிருப்பிலும் சமையற்கட்டிலும் அதனைக் கையாளுதல் கூடாது. பூட்டிய களஞ்சியமும், பெயரிட்ட கலமும், பயின்ற கையும், வாங்குதற்கும் வைத்திருத்தற்கும் உரிய அனுமதிகளும் வேண்டும். இரண்டாவது, அது வெளியிலிருந்து வரும் பொருள். 1990களிற் போல வீதி அடைபட்டால் டீசலோடு மெதனோலும் நின்றுவிடும். ஆகவே தாவர டீசல் முழுத் தன்னிறைவு தரும் என்று கூறுதல் மிகையாகும். சேமித்து வைத்த எரிபொருளும், எண்ணெய் வித்தும், அவற்றைக் கையாளத் தெரிந்த மக்களும் ஓரூரில் இருப்பது, இல்லாதிருப்பதினும் பெரிது என்பதே உண்மையான கூற்று.

விற்பனையிலும் விவேகம் வேண்டும். இலுப்பெண்ணெய்க்குக் கோயில் விளக்கிலும் மருத்துவத்திலும் தனி மதிப்புண்டு. அதனை இயந்திரத்தில் எரித்தல் பொன்னை இரும்பு விலைக்கு விற்பதை ஒக்கும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் உணவுக்கு உரியன. வாய்க்கு ஏலாத எண்ணெயே எரிபொருளுக்குத் தக்கது. புங்கெண்ணெய் அத்தகையது, மல்லாவி, மாங்குளம், கிளிநொச்சி ஆகிய இடங்களின் உணவுச்சாலைகளிற் பொரித்துக் கழித்த எண்ணெயும் அத்தகையது. இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018 இல் இத்தகைய கழிவெண்ணெயைத் திரட்டித் தாவர டீசலாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கழிவெண்ணெய் மீண்டும் மக்களின் உணவிற் சேராமற் தடுப்பது அதன் இன்னொரு பயன்.

பிண்ணாக்கை மறத்தல் கூடாது. நான்கு கிலோ வித்தில் ஏறக்குறைய மூன்று கிலோ பிண்ணாக்காகவே எஞ்சும். புங்கம் பிண்ணாக்கும் வேப்பம் பிண்ணாக்கும் பயிருக்கு நல்ல பசளை, மாட்டுக்குத் தீவனமாகா. இலுப்பைப் பிண்ணாக்கு அரப்பாகி எண்ணெய் முழுக்குக்கு உதவுவதை வடபகுதியார் அறிவர். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது வயல்கள் பட்ட பாட்டை நினைப்போருக்குப் பிண்ணாக்கின் மதிப்பு எளிதிற் புலனாகும். டீசல் விலை இறங்கும் ஆண்டுகளிற் சங்கத்தைத் தாங்கி நிற்பது எரிபொருளாகாது, பிண்ணாக்கும் விளக்கெண்ணெயுமேயாகலாம். விலை உயர்ந்த ஆண்டின் மிச்சத்தில் ஒரு பகுதியைச் சேமநிதியாக்கி, தாழ்ந்த ஆண்டிற் பொறுக்குவோரின் விலையைத் தாங்குதல் முறையான நிருவாகமாகும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஊருக்கு உதவ விழைவது பெருமைக்குரியது. ஆனால் அவர்களின் கொடை முதலில் இயந்திரமாக வருதல் உகந்ததன்று. பழுது பார்ப்பாரின்றிக் கிடக்கும் கொடை இயந்திரம் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் மனக்கசப்பையே தரும். நாற்றுமேடைக்கும், ஆய்வுகூடப் பொருள்களுக்கும், இளைஞர் ஒருவரின் பயிற்சிக்கும் அக்கொடை செல்லுமாயின் நிலைத்த பயன் விளையும். கணக்கு ஏடு திறந்திருத்தல் வேண்டும். எத்தனை கிலோ வந்தது, எத்தனை லீற்றர் ஆயிற்று, யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதைப் பொதுக்கூட்டத்தில் உரத்துப் படித்தல் வேண்டும். வித்தை ஒளித்து வைத்தாலும் முளைத்துத் தலைகாட்டும்; கணக்கை ஒளித்து வைத்தாற் சங்கமே பட்டுப்போகும்.

புங்கு நட்டுக் காய்க்க ஐந்தாண்டளவு செல்லும். இலுப்பை பத்தாண்டைக் கடந்தும் காத்திருக்கச் செய்யும். இன்று குளக்கட்டின் புறத்தே கன்று நடும் மாணவன் அதன் வித்தைப் பொறுக்கும் காலத்தில் தானே ஒரு கமக்காரனாகவோ ஆசிரியனாகவோ இருப்பான். அக்காலத்துத் துணுக்காய் எத்தகைய நெருக்கடியைச் சந்திக்கும் என்பதை யாரும் முன்னறிந்து சொல்ல இயலாது. ஆயிரம் லீற்றர் எண்ணெய், இருநூறு குடும்பங்களின் உடன்பாடு, ஒரு திறந்த கணக்கு ஏடு ஆகிய மூன்றும் அன்று கையில் இருக்குமாயின், கதிர் முற்றிய வயல் இன்னொரு முறை எரிபொருள் வரிசையின் முடிவுக்காகக் காத்து நிற்க நேராது.